“நேத்து வரைக்கும் லாகின் ஆச்சுங்க”: டைரக்டரி சர்வரில் டிஎல்எஸ் சான்றிதழ் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குவது

திருப்பூரில் தலைமை அலுவலகம், பெருந்துறை சிப்காட்டில் ஒரு யூனிட், கரூரில் ஒரு கிளை. மூன்று இடத்து லாகினும் ஒரே எல்டாப் டைரக்டரியில், அதாவது ஆட்களின் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கும் பட்டியலில். கொங்கு வட்டாரத்து ஏற்றுமதிக் கம்பெனிகளில் இது சாதாரண அமைப்பு. ஈஆர்பி, ஃபைல் சர்வர், வைஃபை, ஃபயர்வால், மாடிப்படி ஓரத்து ஸ்கேனரின் முகவரிப் பட்டியல் என எல்லாமே அந்த ஒரு சர்வரிடம்தான் ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. அது தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழில் கோளாறு வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடாது. ஒன்று ஓடும், பக்கத்தில் இன்னொன்று நிற்கும்.

டிஎல்எஸ்ஸில் (இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை) சான்றிதழைச் சரிபார்ப்பது சர்வர் அல்ல, அதைத் தேடி வரும் கிளையன்ட் (லாகின் கேட்கும் மெஷின் அல்லது புரோகிராம்). ஒவ்வொரு கிளையன்டும் தன்னிடம் உள்ள சிஏ பட்டியல் (சான்றிதழில் கையெழுத்திடும் நம்பகமான அமைப்புகளின் பட்டியல்), தன் கடிகாரம், தான் கூப்பிட்ட பெயர் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறது. அதனால் சர்வரில் உட்கார்ந்து சோதித்துவிட்டு “இங்க நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் பயனில்லை. தகராறு செய்கிற மெஷினில், அந்தப் புரோகிராம் எந்த யூசரின் பெயரில் ஓடுகிறதோ அதே யூசராக இருந்து பார்க்க வேண்டும்.

இங்கே வரும் கட்டளைகள் வாசிக்கும் ஒலியில் தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். உதாரண சர்வரின் பெயர் எல்டாப்1.மில்.இன்டர்னல்.

எதையும் மாற்றும் முன் இரண்டு சோதனை

முதல் சோதனை, டிஎல்எஸ் இணைப்பைப் பரிசோதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால்:

ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் எல்டாப்1.மில்.இன்டர்னல்:636 -ஷோசர்ட்ஸ் -சிஏஃபைல் ரூட்.பெம் -வெரிஃபை_ஹோஸ்ட்நேம் எல்டாப்1.மில்.இன்டர்னல்

636 நேரடி டிஎல்எஸ் போர்ட். 389இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் (சாதாரணமாக இணைந்து பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாறும் முறை) பயன்படுத்துபவர்கள் போர்ட்டை மாற்றி ‘-ஸ்டார்ட்டிஎல்எஸ் எல்டாப்’ சேர்க்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு முந்தைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை. கடைசியில் உள்ள ஹோஸ்ட்நேம் பகுதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எஸ்_கிளையன்ட் பெயரைப் பார்ப்பதே இல்லை. எல்லாம் சரி என்று 0 காட்டும், எல்டாப் கிளையன்ட் மட்டும் மறுத்துக்கொண்டே இருக்கும்.

வெளியீட்டின் அடியில் வரும் ‘வெரிஃபை ரிட்டர்ன் கோட்’ எண்தான் நமக்கு வேண்டியது. 10 என்றால் காலாவதி. 9 என்றால் செல்லுபடி நேரம் இன்னும் தொடங்கவில்லை. 18 என்றால் சர்வர் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ். 19 என்றால் சங்கிலி (சர்வர் சான்றிதழ், அதைக் கையெழுத்திட்ட இன்டர்மீடியட் எனும் இடைச் சான்றிதழ், உச்சியில் ரூட் சான்றிதழ்) முழுசாக வந்துவிட்டது, ஆனால் அதன் ரூட்டை இந்த மெஷின் நம்பவில்லை. 20 அல்லது 21 என்றால் கையெழுத்திட்டவர் யாரென்று இந்த மெஷினுக்குத் தெரியவில்லை. 62 என்றால் பெயர் பொருந்தவில்லை.

இரண்டாவது சோதனை எல்டாப் கருவியாலேயே: எல்டாப்ஹூஆம்ஐ -எக்ஸ் -எச் எல்டாப்ஸ்://எல்டாப்1.மில்.இன்டர்னல் -டி 1. ‘-டி 1’ இல்லாவிட்டால் எந்தக் கோளாறுக்கும் இது ஒரே பாட்டைத்தான் பாடும்: சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, மைனஸ் 1. கேபிள் பிடுங்கியிருந்தாலும் அதே செய்தி, சான்றிதழ் காலாவதியானாலும் அதே செய்தி. இதை நம்பி ஸ்விட்சையும் ஃபயர்வாலையும் நோண்டி அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

ஸ்டார்ட்-டிஎல்எஸ் சோதிக்கும்போது ஒற்றை இசட் போடாதீர்கள். ‘-இசட்’ என்றால் டிஎல்எஸ் தோற்றாலும் வெறும் இணைப்பில் வேலையைத் தொடர்ந்துவிடும், நீங்களும் வெற்றி என்று நினைத்துக்கொள்வீர்கள். ‘-இசட்இசட்’ போட்டால்தான் தோல்வி வெளியே வரும். அப்போது ‘புரோட்டோகால் எரர் 2’ வந்தால் அது சான்றிதழ் பிரச்சினையே அல்ல. சர்வரில் டிஎல்எஸ் அமைக்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

உபுண்டு 24.04 வரையிலும் டெபியன் 12 வரையிலும் உள்ள பதிப்புகளை வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவற்றில் ஓப்பன்எல்டாப் (எல்டாப் சர்வரும் கருவிகளும் அடங்கிய மென்பொருள்) க்னூடிஎல்எஸ் நூலகத்தோடு கட்டப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி சொல்வதும் எல்டாப் கருவி சொல்வதும் இரண்டு வேறு நூலகங்களின் தீர்ப்பு. இரண்டும் முரண்பட்டால் க்னூடிஎல்எஸ்-சிஎல்ஐ கருவியால் மூன்றாவது முறை பாருங்கள்.

“காலைல வந்து பார்த்தா யாராலயும் உள்ள போக முடியலீங்க”

கோட் 10. சான்றிதழில் உள்ள நேரம் எல்லாம் கிரீன்விச் நேரம். பல சிஏக்கள் முடிவு நேரத்தை 23:59:59 என்று வைப்பார்கள். நம் ஊரில் அது காலை 5:29:59. இரவு ஷிப்ட் லாகின் செய்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, காலை ஷிப்ட் ஆட்கள் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

புதுச் சான்றிதழ் போட்ட பிறகும் இதே பிழை தொடர்ந்தால், கோப்பு மாறியிருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராம்) பழையதையே நினைவில் வைத்திருக்கும். கோப்பு மாறியதை அது தானாகக் கவனிக்காது. டிஸ்கில் உள்ள கோப்பில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -சீரியல் -என்ட்டேட்’ ஓட்டுங்கள். எஸ்_கிளையன்ட் கொண்டுவந்த சான்றிதழிலும் அதையே ஓட்டுங்கள். சீரியல் எண் வேறாக இருந்தால் ரீஸ்டார்ட் ஒன்றே பாக்கி.

லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சிஏயின் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை அடிக்கடி நடக்கும், அந்தச் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள்தான். செர்ட்பாட் கருவி தானாகப் புதுப்பித்துவிடும், ஸ்லாப்டிக்குச் சேதி போகாது. டிப்ளாய்-ஹூக் (புதுப்பித்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஒன்று எழுதி, சான்றிதழையும் அதன் ரகசியச் சாவியான கீயையும் ஸ்லாப்டி படிக்கக்கூடிய ஒரு இடத்துக்கு நகலெடுத்து, ஓனரை மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வைக்க வேண்டும். செர்ட்பாட்டின் ‘லைவ்’ அடைவையே நேராகச் சுட்டினால் அது ரூட் யூசருக்கு மட்டுமே திறக்கும் என்பதால் அடுத்த சிக்கல் தொடங்கும்.

காசு கொடுத்து வருடச் சான்றிதழ் வாங்குபவர்களும் இனி நிம்மதியாக இருக்க முடியாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள். சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ-பிரவுசர் ஃபோரம் 2025இல் எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காலண்டரில் குறித்து வைத்துக் கையால் மாற்றுகிற பழக்கம் அதற்கு ஈடுகொடுக்காது.

தேதி பார்க்கும்போது சர்வர் சான்றிதழோடு நின்றுவிடாமல் சங்கிலியில் உள்ள ஒவ்வொன்றையும் பாருங்கள். 2020 மே 30இல் ஆட்டிரஸ்ட் ரூட் காலாவதியானபோதும், 2021 செப்டம்பர் 30இல் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 காலாவதியானபோதும், சர்வர் சான்றிதழ் புத்தம் புதிதாக இருந்த இடங்களிலேயே பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்த கிளையன்டுகள் மறுத்தன. மாற்று வழி இருந்தும் பழைய நூலகங்கள் செத்துப்போன ரூட்டையே பிடித்துக்கொண்டிருந்தன.

“கரண்ட் போயி வந்ததுக்கு அப்பறந்தானுங்க இப்படி”

கோட் 9, சில சமயம் 10. சான்றிதழைத் தொடாதீர்கள், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் மெஷின் பல வருடம் பின்னால் போய் எழும். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் தேதியைப் பாருங்கள், நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி ஓடுகிறதா பாருங்கள், பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரியை மாற்றாமல் தேதியை மட்டும் திருத்தினால் அடுத்த மின்வெட்டில் மறுபடி அழைப்பு வரும்.

இதிலேயே நம் நேர மண்டலத்துக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. உள் சிஏ (கம்பெனியே நடத்தும் சொந்த சிஏ) வைத்திருக்கும் லினக்ஸ் மெஷினில், ஹார்ட்வேர் கடிகாரத்தில் இந்திய நேரம் இருக்க, லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டால் மெஷின் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருந்தால் இது சகஜம். அங்கே காலை 11 மணிக்குக் கையெழுத்திட்ட சான்றிதழ் மற்ற மெஷின்களுக்கு மாலை 4:30க்குத்தான் உயிர் பெறும். மத்தியானம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு, மாலை டீ குடித்து வந்தால் தானாகச் சரியாகியிருக்கும். யாரும் காரணம் தேட மாட்டார்கள். அடுத்த சான்றிதழிலும் அதுவே நடக்கும்.

“உங்க மெஷின்ல வருது, எங்களுதுல வர்றதில்லீங்க”

கோட் 19, 20, 21. அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான்.

தப்பு சர்வரிலா, கிளையன்டிலா என்பதை ஷோசர்ட்ஸ் வெளியீடே சொல்லிவிடும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் ‘எஸ்’ என்ற வரியில் உரியவர், ‘ஐ’ என்ற வரியில் கையெழுத்திட்டவர். ஒன்றின் ‘ஐ’ அடுத்ததன் ‘எஸ்’ஸாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சான்றிதழ் வந்து, அதைக் கையெழுத்திட்டது இன்டர்மீடியட் சிஏ என்றால் சர்வர் பாதிச் சங்கிலியைத்தான் அனுப்புகிறது. இதில் பிரவுசரில் சோதித்து ஏமாறாதீர்கள். பல பிரவுசர்கள் விடுபட்ட இன்டர்மீடியட்டைத் தாமே இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளும், எல்டாப் நூலகங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

தீர்வு: சர்வர் சான்றிதழ் மேலே, அதன் கீழே இன்டர்மீடியட் என ஒரே கோப்பில் ஒட்டி டிஎல்எஸ்சர்டிபிகேட்ஃபைல் அமைப்பில் கொடுப்பது. ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டிய பழைய ஓப்பன்எல்டாப் அந்தக் கோப்பில் முதல் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். அப்படியானால் இன்டர்மீடியட்டை டிஎல்எஸ்சிஏசர்டிபிகேட்ஃபைல் கோப்பில் சேருங்கள். மாற்றியபின் மறுபடி ஷோசர்ட்ஸ் ஓட்டி, இரண்டு சான்றிதழ் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சங்கிலி முழுசாக வந்தும் மறுப்பு என்றால் கோளாறு கிளையன்டில். டெபியன், உபுண்டுவில் உள் சிஏயின் ரூட்டை /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிபிகேட்ஸ் அடைவில் வைத்து அப்டேட்-சிஏ-சர்டிபிகேட்ஸ் ஓட்ட வேண்டும். கோப்பின் பெயர் ‘.சிஆர்டி’ என்று முடிய வேண்டும். ‘.பெம்’ என்று முடிந்தால் திட்டாமல் கொள்ளாமல் அதைத் தாண்டிப் போய்விடும். ‘0 ஆடட்’ என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். ரெட்ஹாட் வகையில் /இடிசி/பிகேஐ/சிஏ-டிரஸ்ட்/சோர்ஸ்/ஆங்கர்ஸ் அடைவும் அப்டேட்-சிஏ-டிரஸ்ட் கட்டளையும். விண்டோஸ் சிஏவிலிருந்து எடுத்த ரூட் கோப்பு டெர் என்ற பைனரி வடிவில் இருக்கலாம். எடிட்டரில் திறந்தால் ‘பிகின் சர்டிபிகேட்’ என்ற வரி தெரியாமல் குப்பையாகத் தெரிந்தால் எக்ஸ்509 கட்டளையால் பெம் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றுங்கள்.

அப்படியும் ஆகவில்லையா? அந்தப் புரோகிராம் எந்தப் பட்டியலைப் படிக்கிறது என்று பாருங்கள். எல்டாப்சர்ச் படிப்பது எல்டாப்.கான்ஃப் கோப்பை. உபுண்டுவில் அது /இடிசி/எல்டாப் அடைவில், ரெட்ஹாட் வகையில் /இடிசி/ஓப்பன்எல்டாப் அடைவில். எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸ் லாகினை டைரக்டரியோடு இணைக்கும் சர்வீஸ்) தன் எஸ்எஸ்எஸ்டி.கான்ஃப் கோப்பில் எல்டாப்_டிஎல்எஸ்_சிஏசர்ட் வரி இருந்தால் அதைத்தான் மதிக்கும். அதே வேலையைச் செய்யும் என்எஸ்எல்சிடி வைத்திருந்தால் அதற்குத் தனி கோப்பு. டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் அப்ளிகேஷனுக்கு வெளி மெஷினின் பட்டியல் கண்ணிலேயே படாது. நீங்கள் ஷெல்லில் எல்டாப்டிஎல்எஸ்_சிஏசர்ட் மாறியை வைத்துச் சோதித்து வெற்றி கண்டிருந்தாலும், சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸுக்கு அந்த மாறி போய்ச் சேராது. பிஎச்பி அப்ளிகேஷன் என்றால் எல்டாப்.கான்ஃப் மாற்றியபின் பிஎச்பி-எஃப்பிஎம் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்.

ஜாவா இன்னொரு தனிக் குடித்தனம். ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்’ என்று வந்தால், அந்த ஈஆர்பி எந்த ஜாவாவில் ஓடுகிறதோ அதன் சிஏசர்ட்ஸ் கிடங்கில் கீடூல் கட்டளையால் ரூட்டைச் சேர்க்க வேண்டும். யாரும் மாற்றாதவரை கிடங்கின் பாஸ்வேர்டு ‘சேஞ்ச்இட்’. ஒரே சர்வரில் மூன்று ஜாவா கிடந்தால் ஓடும் பிராசஸின் முழுப் பாதையைப் பார்த்துச் சரியானதில் சேருங்கள், பிறகு அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜாவாவை அப்டேட் செய்யும்போது கிடங்கு புதிதாகிவிட்டால் சேர்த்ததும் போய்விடும்.

“நாங்க எப்பவும் ஐபி நம்பர் போட்டுத்தானுங்க பண்றது”

கோட் 62, அல்லது எல்டாப் கருவியில் ‘ஹோஸ்ட்நேம் டஸ் நாட் மேட்ச்’. நீங்கள் கூப்பிட்ட பெயர் எதுவோ, அதே எழுத்துகள் சான்றிதழின் சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் பகுதியில் இருக்க வேண்டும். வாயால் ‘சான்’ என்பார்கள். எல்டாப்1 என்று குட்டிப் பெயரில் கூப்பிட்டால் குட்டிப் பெயர் இருக்க வேண்டும். ஐபியில் கூப்பிட்டால் அந்த ஐபி, ஐபி வகைப் பதிவாகவே இருக்க வேண்டும். டிஎன்எஸ் வகையில் ஐபி எண்ணை எழுதி வைத்துவிட்டு “இருக்குதே” என்பது அடிக்கடி நடக்கும் தப்பு. நட்சத்திரச் சான்றிதழ் (வைல்ட்கார்டு) ஒரு படிக்கு மட்டுமே செல்லும். மில்.இன்டர்னலுக்கு வாங்கிய நட்சத்திரம் எல்டாப்1.கரூர்.மில்.இன்டர்னலுக்கு ஆகாது.

அப்டேட் செய்தவுடன் இந்தப் பிழை முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முன்பு கண்டுகொள்ளாமல் விட்டதை இப்போது பார்க்கிறார்கள். ஜாவா 8இல் 181ஆம் அப்டேட்டிலிருந்து எல்டாப்ஸ் இணைப்பில் பெயர்ச் சோதனை தானாகவே நடக்கிறது. கோ மொழியில் எழுதிய கருவிகள் 1.15 பதிப்பிலிருந்து, சான்றிதழின் பழைய பெயர்ப் பகுதியான காமன் நேமை இயல்பாகப் பார்ப்பதில்லை, சான் மட்டும்தான். எனவே ஓப்பன்எல்டாப் கருவி ஏற்கும் பழைய சான்றிதழைக் கோ கருவி மறுப்பது முரண்பாடு அல்ல.

சரியான தீர்வு சான்றிதழை மறுபடி வெளியிடுவது: எல்டாப்1, இரண்டாவது சர்வர் இருந்தால் எல்டாப்2, இரண்டுக்கும் பொதுவான பெயர், தேவைப்பட்டால் ஐபி என எல்லாவற்றையும் சானில் போட்டு. அதுவரைக்கும் கிளையன்டில் ஐபியை எடுத்துவிட்டு முழுப் பெயரைப் போடுங்கள். டிஎன்எஸ் இல்லாத கிளையில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி போதும். ‘.இன்டர்னல்’, ‘.லான்’ போன்ற உள்பெயர்களுக்குப் பொது சிஏக்கள் சான்றிதழ் தர மாட்டார்கள் என்பதால், அந்தப் பெயர்களுக்குச் சொந்த சிஏதான் வழி.

“பழைய ஆளுகளுக்கு ஆகுது, புதுசா சேர்ந்த பையனுக்கு மட்டும் ஆகலீங்க”

யூசர் கணக்கைச் சோதிக்கும் முன், அந்த மெஷினில் எஸ்எஸ்எஸ்டி ஆஃப்லைனில் இருக்கிறதா பாருங்கள். கேச்_கிரெடென்ஷியல்ஸ் வைத்திருந்தால் முன்பு ஒரு முறை உள்ளே வந்தவர்களுக்கு நினைவிலிருந்தே கதவு திறக்கும். டைரக்டரியோடு தொடர்பு அறுந்து நாள்கணக்கானாலும் யாருக்கும் தெரியாது, புதியவர் வந்து நிற்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ் கட்டளை நிலையைச் சொல்லும். காரணம் /வார்/லாக்/எஸ்எஸ்எஸ்டி அடைவில் டொமைன் பெயருள்ள லாகில் இருக்கும், மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

“பெருந்துறைல பாஸ்வேர்டு மாத்துனா திருப்பூர்ல பழசே கேக்குதுங்க”

டைரக்டரியின் நகலை இன்னொரு சர்வரிலும் வைத்திருக்கும் இடங்களில் வருவது இது: ஒன்றில் நடக்கும் மாற்றத்தை மற்றதற்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது. இங்கே ஒரு டைரக்டரி சர்வரே இன்னொன்றுக்குக் கிளையன்ட். இரண்டு சர்வரிலும் கான்டெக்ஸ்ட்-சிஎஸ்என் மதிப்பை (கடைசி மாற்றத்தின் அடையாளம்) எடுத்து ஒப்பிடுங்கள், பின்தங்கியதுதான் நோயாளி. அதன் சின்க்ரெப்ல் (ரெப்ளிகேஷன் அமைப்பு) வரியில் உள்ள டிஎல்எஸ்_சிஏசர்ட் பாதையைப் பாருங்கள். ரூட்டை மாற்றியபோது கிளையன்டுகள் அத்தனையிலும் மாற்றிவிட்டு இந்த ஒரு வரியை மறந்துவிடுவார்கள்.

இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் அமைப்பு என்றால், அந்தச் சான்றிதழின் எக்ஸ்டெண்டட் கீ யூசேஜில் (எந்த நோக்கத்துக்குப் பயன்படலாம் என்று சொல்லும் பகுதி) சர்வர் ஆத்தென்டிகேஷனோடு கிளையன்ட் ஆத்தென்டிகேஷனும் வேண்டும். இல்லாவிட்டால் கோட் 26, நோக்கம் பொருந்தவில்லை. பொது சிஏக்கள் கிளையன்ட் நோக்கத்தைத் தம் சர்வர் சான்றிதழ்களிலிருந்து நீக்கி வருகிறார்கள். நேற்று வரை ஓடிய ரெப்ளிகேஷன் ஒரு புதுப்பித்தலுக்குப் பின் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். ரெப்ளிகேஷனுக்கு உள் சிஏவிலிருந்து தனிச் சான்றிதழ் கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று: டிஎல்எஸ்_சர்ட், டிஎல்எஸ்_கீ இரண்டையும் பொது எல்டாப்.கான்ஃப் கோப்பில் எழுதினால் கண்டுகொள்ளப்படாது. அவை அந்தந்த யூசரின் எல்டாப்ஆர்சி கோப்புக்கு உரியவை.

“புது சான்றிதழ் போட்டேனுங்க, சர்வீஸே எந்திரிக்க மாட்டேங்குது”

லாகில் ‘டிஎல்எஸ் இனிட் டெஃப் சிடிஎக்ஸ் ஃபெயில்ட்’, அல்லது கான்ஃபிக் மாற்றும்போது எரர் 80. கீயை ஸ்லாப்டியின் யூசரால் படிக்க முடிகிறதா? டெபியன் வகையில் அந்த யூசர் ஓப்பன்எல்டாப். அனுமதி சரியாக இருந்தும் மறுத்தால் உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல் தடுத்திருக்கும், டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ‘டினைட்’ என்று தேடுங்கள். கீக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் ஸ்லாப்டி ஏற்காது. சான்றிதழும் கீயும் ஜோடிதானா என்பதற்கு இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை எடுத்து ஒப்பிடுங்கள். எரர் 80 மட்டும் வந்தால், சான்றிதழ் வரியையும் கீ வரியையும் தனித்தனியாக மாற்றாமல் ஒரே மாடிஃபையில் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறிய நொடியில் ஜோடி பொருந்தாமல் போகும்.

ஆக்டிவ் டைரக்டரி என்றால்

டொமைன் கன்ட்ரோலரின் (மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் டைரக்டரி சர்வர்) லோக்கல் கம்ப்யூட்டர் பெர்சனல் கிடங்கில், அதன் முழுப் பெயரோடும் பிரைவேட் கீயோடும் சர்வர் ஆத்தென்டிகேஷன் நோக்கத்தோடும் சான்றிதழ் இருக்க வேண்டும். ஈவென்ட் 1220 வந்தால் பொருத்தமானது கிடைக்கவில்லை, 1221 வந்தால் எல்டாப்ஸ் தயார். கிடங்கில் தகுதியான சான்றிதழ் இரண்டு மூன்று இருந்தால் நீங்கள் நினைத்தது வராமல் வேறொன்று வெளியே போகலாம். பழையதை எடுத்துவிடுங்கள், அல்லது விண்டோஸ் சர்வர் 2008 முதல் உள்ள என்டிடிஎஸ் சர்வீஸின் தனிக் கிடங்கில் வேண்டியதை மட்டும் வையுங்கள்.

‘நெவர்’ பற்றி

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், டிஎல்எஸ்_ரெக்சர்ட் நெவர், அதாவது சான்றிதழைச் சரிபார்க்கவே வேண்டாம் என்று கிளையன்டுக்குச் சொல்வது. பிழை மறையும், உண்மைதான். அதோடு அந்த நெட்வொர்க்கில் நடுவில் உட்கார்ந்திருக்கும் எந்த மெஷினும் தன்னை டைரக்டரி என்று சொல்லிப் பாஸ்வேர்டுகளை வாங்கிக்கொள்ளலாம். நோயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளைக்கு எல்டாப்டிஎல்எஸ்_ரெக்சர்ட் மாறியாக முன்னால் போட்டு ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அப்போது இணைந்தால் கோளாறு சரிபார்ப்பில், அப்போதும் இணையாவிட்டால் வேறெங்கோ. கோப்பில் எழுதி வைத்தால் அது அங்கேயே வருடக்கணக்கில் கிடக்கும்.

சரிசெய்து முடித்ததும் கரூர் கிளையின் ஒரு லினக்ஸ் மெஷினில் தினசரி கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்று போடுங்கள். எஸ்_கிளையன்ட் வெளியீட்டை எக்ஸ்509 -நோஅவுட் -செக்என்ட் 2592000 கட்டளைக்குள் ஊற்றினால், 30 நாளுக்குள் காலாவதியாகும் சான்றிதழுக்கு அது தோல்வி எண் 1 திருப்பும். அந்த எண் வந்தால் மெயில் போகட்டும். டைரக்டரி சர்வரிலேயே கோப்பைப் பார்த்து இதை ஓட்டினால், மாறிய கோப்பையும் மாறாத பிராசஸையும் அது பிரித்துச் சொல்லாது. கிளையிலிருந்து போர்ட்டைக் கேட்டால் சொல்லும்.